‘ஓடுகிறது’ என்று காட்டிய சேவை: ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு ட்ரே கருவி வடிவமைத்த நிகழ்வு ஆய்வு

பின்புலம்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள நடுத்தர அளவிலான இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இந்நிகழ்வு நடந்தது. இரத்தத்தின் வேதிப்பொருள்களை அளக்கும் உயிர்வேதியியல் அனலைசர் ஒன்றும் இரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டர் ஒன்றும் சீரியல் கேபிள் வழியாக லேப் அறையின் விண்டோஸ் 10 கணினியோடு இணைக்கப்பட்டிருந்தன. அந்தக் கணினியில் திரையில் எதையும் காட்டாமல் இயங்கும் நிரல்களான மூன்று பின்னணிச் சேவைகள் ஓடின. இயந்திரங்கள் அனுப்பும் முடிவுகளைப் பெற்றுத் தரவுத்தளத்தில் எழுதுவது முதலாவதன் வேலை. இதைப் பெறுநர் சேவை என்று அழைப்போம். இயந்திரத்தை விற்றவர்களே கொடுத்த இந்தச் சேவையின் மூலநிரல் எங்களிடம் இல்லை. மருத்துவர் ஒப்புதல் அளித்த முடிவுகளைப் பிடிஎஃப் ரிப்போர்ட்டாக மாற்றுவது இரண்டாவது. நோயாளிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது மூன்றாவது. பின்னிரண்டும் கூடத்தின் மென்பொருளைப் பராமரிக்கும் எங்கள் சிறிய குழு எழுதியவை.

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருபவர்களால் காலை ஆறரை முதல் ஒன்பது வரை கூடம் நிரம்பி வழியும். அந்த நேரத்தில் பெறுநர் சேவை நின்றுபோனால் யாருக்கும் உடனே தெரியாது. பத்து மணிக்கு மேல் ரிப்போர்ட் கேட்டு ஆள் வந்த பிறகுதான் ரிசப்ஷனில் இருப்பவர் லேப் அறைக் கதவைத் தட்டி, “அக்கா, காலையில எடுத்தது எதுவுமே ஏறலையே?” என்று கேட்பார். டெக்னீஷியன் கணினியை மறுதொடக்கம் செய்வார். அதற்கும் வழி பிறக்காத நாட்களில் அனலைசரின் திரையைப் பார்த்து முடிவுகளைக் கையால் உள்ளிடுவார்.

அப்படி உள்ளிட்ட ஒரு நாளில், ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவு 4.5 என்பது 5.4 ஆகப் பதிவாயிற்று. ஒப்புதலுக்கு அமர்ந்த நோயியல் மருத்துவர் மற்ற அளவுகளோடு அது பொருந்தவில்லை என்று கண்டு, இயந்திரத்தில் சரிபார்த்துத் திருத்தினார். ரிப்போர்ட் வெளியே போகவில்லை. ஆனாலும் அன்றே அவர் எங்களை அழைத்து, சேவைகள் ஓடுகின்றனவா இல்லையா என்பது பணியாளர்களின் கண்முன் எந்நேரமும் தெரிய வேண்டும் என்றும், நின்றால் அவர்களே சரிசெய்ய வழி இருக்க வேண்டும் என்றும் கேட்டார். பணிப்பட்டையின் வலது மூலையில், கடிகாரத்துக்கு அருகில் அமரும் ஒரு சிறு ட்ரே கருவி என்ற யோசனை அந்த உரையாடலில்தான் எழுந்தது.

கவனித்தவை

நிரல் எழுதத் தொடங்கும் முன்பு, சேவை உண்மையில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்ப்பது அவசியமாயிற்று. நின்றதாகச் சொல்லப்பட்ட நாட்களின் விண்டோஸ் நிகழ்வுப் பதிவைப் புரட்டினோம். ஒரு சேவை எதிர்பாராமல் முடிந்துபோனால் சிஸ்டம் பதிவில் 7031 அல்லது 7034 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு இருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. சேவைகளின் பட்டியலைத் திறந்தால் பெறுநர் சேவைக்கு நேரே ‘இயங்குகிறது’ என்றே இருந்தது. செயலி (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உயிரோடு இருந்ததால், சேவை விழுந்தால் தானாக எழுப்பும்படி அமைத்திருந்த மீட்பு ஏற்பாடும் வேலை செய்யவில்லை. விழுந்தால்தானே எழுப்புவதற்கு?

அடுத்த முறை சிக்கல் வந்தபோது மறுதொடக்கம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓடும் நிரல்களின் உள்ளே பார்க்க உதவும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் கொண்டு அந்தச் செயலியின் இழைகளை (அதற்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளை) ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முக்கிய இழை ஒரு மெசேஜ் பாக்ஸ் அழைப்புக்குள் காத்துக்கிடந்தது. சீரியல் கேபிளில் வந்த ஒரு சட்டகத்தின் (தரவுத் துண்டின்) சரிபார்ப்புத் தொகை, அதாவது தரவு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண், பொருந்தாதபோது, பெறுநர் சேவை ஒரு பிழைப்பெட்டியைத் திறந்து யாராவது ‘சரி’ என்று அழுத்துவதற்காகக் காத்திருந்தது. ஆனால் விண்டோஸ் விஸ்டா காலம் முதலே சேவைகள் அமர்வு 0 என்ற தனி அமர்வில் ஓடுகின்றன. பயனரின் திரை வேறோர் அமர்வைச் சேர்ந்தது. ஆகவே அந்தப் பெட்டி எவரும் பார்க்க முடியாத மேசைத்தளத்தில் திறந்திருந்தது. பழைய விண்டோஸ் 7 கணினியில், ஒரு சேவை இப்படி மாட்டிக்கொண்டால் எச்சரித்து, அந்த மேசைத்தளத்தை எட்டிப்பார்க்க வழிவிடும் வசதி ஒன்று இருந்தது. விண்டோஸ் 10 இன் 1803 பதிப்போடு அது முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. கணினியை மாற்றிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்று டெக்னீஷியன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்ததன் பொருள் அப்போது விளங்கியது.

வேறு இரண்டு விஷயங்களையும் அங்கே பார்த்தோம். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டு விசைப்பலகையின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. சேவையை மறுதொடக்கம் செய்ய அது வேண்டும் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதாக, பணியாளர் எவரும் ‘சேவை’ என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. ‘மெஷின் ரிசல்ட் வரலை’, ‘ரிப்போர்ட் ஆகலை’, ‘எஸ்எம்எஸ் போகலை’ என்ற மூன்று வாக்கியங்களுக்குள் அவர்கள் கண்ட எல்லாக் கோளாறும் அடங்கின.

எதை நிலை என்று காட்டுவது

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான ட்ரே கருவிகள் விண்டோஸின் சேவைக் கட்டுப்பாட்டு மேலாளர் சொல்வதை அப்படியே எடுத்துக் காட்டுகின்றன. அந்த மேலாளருக்குத் தெரிந்த நிலைகள் ஏழு: நின்றது, தொடங்குகிறது, நிற்கிறது, இயங்குகிறது, தொடரவிருக்கிறது, இடைநிற்கவிருக்கிறது, இடைநின்றது. எங்கள் கோளாறு இந்த ஏழில் எதிலும் அகப்படாது. அந்த நிலையை மட்டும் பார்த்துப் பச்சை காட்டும் கருவியை நிறுவியிருந்தால், காலை முழுவதும் பச்சையைக் காட்டிக்கொண்டே நோயாளிகளைக் காக்க வைத்திருப்போம்.

ஆகவே வேலை நடந்ததற்கான தடயத்தைத் தேடினோம். எங்கள் சொந்தச் சேவைகள் இரண்டிலும் இது எளிது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் நேரத்தைக் குறித்துவைக்கச் செய்தோம். பெறுநர் சேவைக்குள் கைவைக்க முடியாததால், கடைசி முடிவு எப்போது வந்தது என்பதிலிருந்து ஊகிப்பதைத் தவிர வழியில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு மணி நேரமாக எந்த முடிவும் வரவில்லை என்றால் அது கோளாறு அல்ல, கூட்டம் இல்லை என்றே பொருள். காலை எட்டு மணிக்கு இருபது நிமிடம் வரவில்லை என்றால் நிச்சயம் கோளாறு. நேரத்துக்கு ஏற்ப வரம்பை மாற்றலாம் என்ற முதல் யோசனை, மருத்துவ முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தவுடன் கைவிடப்பட்டது.

கடைசியில் கடிகாரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்தோம். பார்கோடு ஒட்டி அனலைசருக்கு ஒதுக்கப்பட்ட சாம்பிள்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்போது, தொடர்ந்து இருபது நிமிடம் எந்த முடிவும் வராவிட்டால் மட்டுமே எச்சரிக்கை. காத்திருக்கும் சாம்பிள் எதுவும் இல்லாவிட்டால் நாள் முழுதும் அமைதியாக இருந்தாலும் எச்சரிக்கை எழாது.

பயனருக்குக் காட்டும் நிலைகளை நான்காகக் குறைத்தோம்: சரி, காத்திருக்கிறது, கவனி, தெரியவில்லை. நான்காவதற்காகக் குழுவுக்குள் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்தால் கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருப்பது எழுத எளிது. பணியாளரையும் பதற வைக்காது. ஆயினும் பழைய பச்சையை நம்பி ஒருவர் வேறு வேலைக்குப் போய்விடுவதைவிட, கேள்விக்குறியைப் பார்த்து எங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பது மேல் என்று முடிவு செய்தோம். நிலைக்குறிப்பின் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையதானால் ஐகான் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே பலர் இருப்பதாலும், ட்ரே ஐகானுக்குக் கிடைப்பது சாதாரணத் திரையில் 16 பிக்சல் சதுரம் மட்டுமே என்பதாலும், ஒவ்வொரு நிலைக்கும் வேறு வடிவம் கொடுத்தோம். காத்திருக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையை ஐகானிலேயே வரைந்து காட்டும் சோதனை வடிவம் ஒன்றும் இருந்தது. அதில் இரண்டு இலக்க எண்ணைப் படிக்கவே முடியவில்லை. தவிர, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உருவாகும் ஐகானின் ஹேண்டிலை (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாள எண்ணை) வெளிப்படையாக அழிக்காவிட்டால் அவை குவிந்துகொண்டே போகும். விண்டோஸ் ஒரு செயலிக்கு இயல்பாக அனுமதிக்கும் 10,000 என்ற வரம்பை, ஐந்து விநாடிக்கு ஒன்று வீதம் பதினான்கு மணி நேரத்துக்குள் தொட்டுவிடலாம். முன்பே வரைந்த நான்கு ஐகான்களை ஒருமுறை ஏற்றி மாற்றி மாற்றிக் காட்டுவது போதும் என்று அந்த வடிவத்தை விட்டோம்.

யாருக்கு எந்த உரிமை

கட்டுப்படுத்தும் பகுதிதான் அதிக விவாதத்துக்கு உள்ளாயிற்று. ட்ரே கருவியை நிர்வாகி உரிமையோடு ஓடவிட்டால் கடவுச்சொல் தாள் விசைப்பலகைக்கு அடியிலேயே இருக்கும். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் அனுமதிப் பெட்டியும் வரும். இரண்டாவது வழி, குறிப்பிட்ட மூன்று சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் மட்டும் சாதாரணப் பயனர் குழு ஒன்றுக்கு உரிமை தருவது. ஒவ்வொரு சேவைக்கும் விண்டோஸில் தனி அனுமதி விவரிப்பு உண்டு. கட்டளை வரியில் அதைப் படிக்கவும் மாற்றவும் முடியும். மாற்றும் கட்டளை பழையதோடு சேர்க்காது, முழுவதையும் புதிதாக எழுதிவிடும் என்பதை இதைச் செய்யப்போகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். இருப்பதை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதோடு ஒரு பதிவைச் சேர்த்து எழுதாவிட்டால், நிர்வாகியே வெளியே நிற்க நேரிடும்.

தொடங்கும் உரிமை, நிறுத்தும் உரிமை, நிலையை அறியும் உரிமை ஆகிய மூன்றை மட்டும் கொடுத்தோம். அமைப்பை மாற்றும் உரிமையைத் தரவில்லை. அது இருந்தால் சேவை எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்பதையே ஒருவர் மாற்றிவிடலாம். இந்தச் சேவைகள் மிக உயர்ந்த உரிமை கொண்ட சிஸ்டம் கணக்கில் ஓடுவதால், அவர் கணினி முழுவதையும் கைக்குள் கொண்டுவந்துவிடுவார்.

ஆனால் இந்த ஏற்பாடு எங்கள் தலையாய கோளாறுக்கே உதவவில்லை. பிழைப்பெட்டியில் சிக்கிய பெறுநர் சேவைக்கு நிறுத்து என்று கட்டளையிட்டால், அது ‘நிற்கிறது’ என்ற நிலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். அதைப் பலவந்தமாக முடிக்க வேண்டும். அதற்குச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. இதற்கெனத் தனியாக ஓர் உதவிச் சேவையை எழுதினால், கண்காணிக்க வேண்டியவை மூன்றுக்குப் பதில் நான்காகிவிடும். எனவே ஏற்கெனவே எங்களுடையதாக இருந்த ரிப்போர்ட் சேவைக்குள் ஒரு பெயரிட்ட குழாயை (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியை) திறந்து, அதில் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஏற்கச் செய்தோம். ‘பெறுநர் சேவையின் செயலியை முடி’ என்பதே அக்கட்டளை. அதற்கு எந்த அளபுருவும் கிடையாது. எந்தச் செயலி, எந்தப் பாதை என்று வெளியிலிருந்து எதையும் சொல்ல முடியாது. குழாயை அந்தப் பயனர் குழு மட்டுமே அணுகலாம், பிணையம் வழியாக வரும் அணுகல் மறுக்கப்படும்.

செயலி முடிந்த பிறகு அதை எழுப்பும் வேலையை நாங்கள் எழுதவே இல்லை. எதிர்பாராமல் முடிந்த சேவையாகவே கட்டுப்பாட்டு மேலாளர் அதைப் பார்ப்பதால், மீட்பு ஏற்பாட்டின்படி அதுவே மீண்டும் தொடங்கிவிடுகிறது. நிகழ்வுப் பதிவில் குறிப்பும் விழுகிறது. முதல் தோல்விக்கு மட்டுமல்லாமல், பின்வரும் எல்லாத் தோல்விகளுக்கும் ‘மீண்டும் தொடங்கு’ என்று அமைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

ரிசப்ஷன் கணினிக்குக் கட்டுப்பாடு எதுவும் தரவில்லை. அங்கே ஓடும் ட்ரே கருவி தரவுத்தளத்தின் நிலை அட்டவணையை மட்டும் படித்துக் காட்டும்.

மெனுவும் மறுதொடக்கமும்

ஐகானைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் சேவைகளின் உண்மைப் பெயர்கள் இல்லை. ‘மெஷின் ரிசல்ட்’, ‘ரிப்போர்ட்’, ‘எஸ்எம்எஸ்’ என்ற மூன்று வரிகளும், ஒவ்வொன்றின் கீழும் ‘மீண்டும் தொடங்கு’ என்ற ஒரு செயலும் மட்டுமே உள்ளன. ‘நிறுத்து’ என்பதை எடுத்துவிட்டோம். நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டிய தேவை அந்தக் கூடத்தில் எவருக்கும் இல்லை. ‘வெளியேறு’ என்பதையும் எடுத்தோம். முன்மாதிரியைப் பார்த்த ரிசப்ஷன் பணியாளர், அதை அழுத்தினால் சேவைகளும் நின்றுவிடும் என்று எண்ணி அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். வேறொருவர் எதுவும் ஆகாது என்று எண்ணிக் கருவியை மூடியே விட்டார்.

மறுதொடக்கத்துக்கு முன் ஒரு காப்பு தேவைப்பட்டது. ஆய்வக இயந்திரங்கள் கணினியோடு பேசப் பயன்படும் ஏஎஸ்டிஎம் நெறிமுறையில் அனலைசர் பேசுகிறது. முதலில் விசாரணைக் குறி ஒன்றை அனுப்பி, மறுமுனையின் ஒப்புதலைப் பெற்று, சட்டகம் சட்டகமாக முடிவுகளை அனுப்பி, இறுதிக் குறியோடு முடிக்கிறது. இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் செயலியை முடித்தால் ஒரு நோயாளியின் முடிவு பாதியில் அறுந்துவிடும். பெறுநர் சேவை எழுதும் உரைப் பதிவுக் கோப்பில் இந்தக் குறிகள் வரிவரியாக இருப்பதைக் கண்டு, பரிமாற்றம் நடந்துகொண்டிருந்தால் அதிகபட்சம் 60 விநாடி காத்திருந்து பிறகு முடிக்கும்படி செய்தோம்.

சேவை சிக்கிக் கிடந்த நேரத்தில் அனலைசர் அனுப்ப முயன்ற முடிவுகளுக்கு ஒப்புதல் கிடைத்திருக்காது. அவை அனலைசரின் நினைவில் அனுப்பப்படாதவையாகத் தங்கியிருக்கும். டெக்னீஷியன் அங்கே போய் அவற்றைத் தேர்ந்து மீண்டும் அனுப்ப வேண்டும். ஆகவே மறுதொடக்கம் வெற்றி பெற்றதும் கருவி ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வதில்லை. முடிவு வராத சாம்பிள் எண்களைப் பட்டியலிட்டு, ‘இவற்றை மெஷினிலிருந்து மீண்டும் அனுப்பவும்’ என்று சொல்கிறது. கையால் உள்ளிடும் பழக்கத்தை நிறுத்தியதில் ஐகானைவிட இந்தப் பட்டியலுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

நிறுவிய பின்

லேப் அறையில் கருவி எதிர்பார்த்தபடி நடந்தது. பணிப்பட்டையை வரையும் எக்ஸ்ப்ளோரர் செயலி விழுந்து எழும்போது எல்லா ட்ரே ஐகான்களும் மறைந்துவிடும். அப்போது விண்டோஸ் அனுப்பும் அறிவிப்பைக் கேட்டு ஐகானைத் திரும்பச் சேர்க்கும் பகுதியை முன்பே எழுதியிருந்ததால் அங்கே தொல்லை வரவில்லை. புதிய ஐகான்களை விண்டோஸ் அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதால், ஒவ்வொரு கணினியிலும் நாங்களே ஐகானை வெளியே இழுத்து வைத்தோம்.

ரிசப்ஷனில் வேறு கதை. அங்கே ஐகான் மாறியது, ஆனால் அறிவிப்புப் பெட்டி ஒருமுறைகூட வரவில்லை. நிரலில் பிழை தேடி அலுத்த பிறகு, காத்திருப்போர் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த டோக்கன் டிவியின் பக்கம் கவனம் திரும்பியது. அந்த டிவி ரிசப்ஷன் கணினியின் திரையை அப்படியே நகலெடுத்துக் காட்டியது. திரை நகலெடுக்கப்படும்போது, யாரோ பலர் முன்னிலையில் விளக்கவுரை நடத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு அறிவிப்புகளை அடக்கிவைக்கும் தானியங்கி விதி ஒன்று விண்டோஸ் 10 இன் ஃபோகஸ் அசிஸ்டில் உண்டு. விதியை அணைத்தோம், உடனே ‘மெஷின் ரிசல்ட் வரவில்லை’ என்ற பெட்டி டோக்கன் டிவியிலும் நோயாளிகள் பார்க்கும்படி பளிச்சென்று வந்தது. மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான். விதியை மீண்டும் இயக்கிவிட்டு, பதிவு செய்யும் திரையின் அடியில் ஒரு மெல்லிய பட்டையாக எச்சரிக்கையைக் காட்டினோம். ரிசப்ஷன் பணியாளரின் கண் நாள் முழுதும் இருப்பது அந்தத் திரையில்தான்.

சில பரிசோதனைகள் பொய் எச்சரிக்கைகளையும் கிளப்பின. வெளிக்கூடத்துக்கு அனுப்பப்படுபவையும், இரண்டு மூன்று நாள் எடுக்கும் கல்ச்சர் பரிசோதனைகளும் தவறுதலாக அனலைசர் வரிசையில் ஒதுக்கப்பட்டிருந்தன. பரிசோதனைப் பட்டியலைத் திருத்தியதும் அவை அடங்கின.

கருவி ஒவ்வொரு மறுதொடக்கத்தையும் அழுத்தியவர், நேரம், அதற்கு முந்தைய நிலை, உரைப் பதிவின் கடைசி வரி ஆகியவற்றோடு குறித்துவைத்தது. இதைப் பொறுப்புக்கூறலுக்காக வைத்தோம். பயன்பட்டது வேறு விதத்தில். பெறுநர் சேவையைக் கொடுத்தவர்களிடம் முன்பு புகார் சொன்னபோதெல்லாம், கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள் என்ற பதிலே வந்தது. இப்போது குறிப்பேட்டை அனுப்பினோம். எல்லா வரிகளும் சரிபார்ப்புத் தொகைப் பிழையிலேயே முடிந்திருந்தன. மெசேஜ் பாக்ஸை நீக்கி, பிழையை நிகழ்வுப் பதிவில் எழுதிவிட்டு அனலைசரிடம் சட்டகத்தை மறுபடி கேட்கும் புதிய பதிப்பு அதன் பிறகே வந்தது. கேபிளையும் மாற்றினார்கள், பழையது ஏசியின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. விசைப்பலகைக்கு அடியிலிருந்த தாள் கிழிக்கப்பட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது.

மாற்றவிருப்பவை

இதேபோன்ற கருவியை வேறோர் இடத்தில் செய்தால், ட்ரே ஐகானுக்கு முன்பே பதிவுத் திரையின் பட்டையை எழுதுவோம். ட்ரே என்பது எதையாவது செய்ய வருபவருக்கு உகந்த இடம்; தகவல் மட்டும் வேண்டியவருக்கு, அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் திரையே போதும். இருபது நிமிடம் என்ற ஒற்றை வரம்பையும் இயந்திரத்துக்கு இயந்திரம் பிரிக்க வேண்டும். செல் கவுன்டர் சில நிமிடங்களுக்குள் முடிவு சொல்லிவிடுவதால் அதற்கு இருபது நிமிடம் மிக நீளம்.

மற்றவர் எழுதும் உரைப் பதிவைப் படித்து முடிவெடுப்பது நிலையற்ற ஏற்பாடு. புதிய பதிப்பில் பதிவுக் கோப்பின் வடிவம் மாறியதால், பரிமாற்றம் எப்போதும் நடந்துகொண்டிருப்பதாகக் கருவி எண்ணியது. ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் 60 விநாடி வீணாகக் காத்திருந்தது. அதிகபட்ச வரம்பு ஒன்று இருந்ததால் வேலை நிற்கவில்லை. வடிவம் அடையாளம் தெரியாவிட்டால் காத்திருக்காமல் பணியாளரிடமே ‘மெஷின் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறதா?’ என்று கேட்கும்படி அதை மாற்றியிருக்கிறோம்.

செயலியைப் பலவந்தமாக முடிக்கும் கட்டளையை இனி வைத்திருக்க வேண்டுமா என்பதில் குழுவுக்குள் இருவேறு கருத்து உண்டு. புதிய பதிப்பு வந்த பிறகு அதற்குத் தேவை எழவில்லை. தேவையற்ற உரிமை எதுவானாலும் எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. மூலநிரல் நம் கையில் இல்லாத சேவை நாளை வேறு விதமாகச் சிக்கினால், காலை எட்டு மணிக்கு நாம் அங்கே இருக்க மாட்டோம் என்பது மறு தரப்பு. இப்போதைக்கு அதை அன்றாட மெனுவிலிருந்து எடுத்து, சாதாரண மறுதொடக்கம் தோல்வியடைந்தால் மட்டும் டெக்னீஷியனுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறோம்.